விருந்தாளியாக வராதீர்கள், மாலுமியாக வாருங்கள்!

மே மாதம் பிறந்துவிட்டால் சமவெளியில் இருப்பவர்களுக்கு மலை மேல் திடீர்ப் பாசம் பொங்கும். ஏற்காடு தாலுகாவில் வாழவந்தி மாதிரி ஒரு கிராமத்தில் மாமாவோ பெரியம்மாவோ இருந்துவிட்டால் போதும். தை மாசக் கல்யாணத்துக்கு அழைத்தபோது லீவு கிடைக்காதவர்கள், கோடை விழா சமயத்தில் ஆறு பேராகக் கார் ஏறிவிடுவார்கள். "என்ன மாமா, மேல நல்லா குளுகுளுன்னு இருக்காமே? ரெண்டு நாள் வந்துட்டுப் போறோம்" என்று ஒரு போன். அது கேள்வி இல்லை, அறிவிப்பு! சீசனில் லாட்ஜ் வாடகை எகிறிக் கிடக்கும்போது மாமா வீடுதான் செலவில்லாத ரூம்.

செலவில்லாத ரூமா? யாருக்கு? ஒரு பக்கம் வரவு என்றால் இன்னொரு பக்கம் பற்று இருந்தே தீரும் என்பது பி.காம். முதலாமாண்டுப் பாடம். இந்தக் கணக்கில் பற்று யார் தலையில் எழுதப்படுகிறது என்று பார்த்தால், மாமா தலையில்கூட இல்லை. அத்தை தலையில். இடுப்பில் என்றுகூடச் சொல்லலாம்.

ஒரு சின்னக் கணக்கு. 2019-ல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்து ஆள் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் தண்ணீர் என்பது இலக்கு. பாதாளச் சாக்கடை உள்ள நகரத்து ஆளுக்கு அரசு வைத்திருக்கும் அளவு 135 லிட்டர். ஒரு பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் உள்ள மலைக் குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 220 லிட்டர், அதாவது சுமார் 15 குடம். வந்து இறங்கிய ஆறு பேரும் ஊர்ப் பழக்கத்தை மாற்றாமல் ஷவர் நினைப்பிலேயே குளித்தால் 810 லிட்டர், அதாவது 54 குடம். ரெண்டு நாளைக்கு 108 குடம்!

குழாயில் வரும்வரை வரும். வராவிட்டால்? ஊற்றும் கிணறும் இளைத்துப் போயிருக்கும் மே மாதத்தில் அந்த 108 குடத்தையும் சுமக்கப்போவது யார்? 20 கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுத்துக் களைத்து வந்த தம்பியா? :-)

இதே ஆறு பேர் மாமா வீட்டுக்குப் பதிலாக ஒரு பாய்மரப் படகுக்கு விருந்தாளியாகப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும்?

கரீபியன் தீவுகளிலும், தாய்லாந்துக் கரையோரத்திலும், தென் பசிபிக்கிலும் பாய்மரப் படகையே வீடாக்கி வருடக்கணக்கில் வாழும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்கும் அண்ணன் தம்பி, மாமனார் மாமியார் எல்லாம் உண்டு. லீவு விட்டால் அவர்களும் விமானம் பிடித்து வந்து படகில் தங்குவார்கள். ஆனால் படகில் கால் வைத்த முதல் ஒரு மணி நேரத்திலேயே பாடம் ஆரம்பித்துவிடும்.

தொட்டியில் இருப்பது சில நூறு லிட்டர் நல்ல தண்ணீர். சோப்புப் போட்டுக் கடலில் ஒரு முங்கு, பிறகு உடம்பின் உப்புப் போகக் கொஞ்சம் நல்ல தண்ணீர். குளியல் அவ்வளவுதான். சாப்பிட்ட தட்டை முதலில் கடல் தண்ணீரில் கழுவ வேண்டும். கழிவறைக் குழாய் சின்னது. கண்டதைப் போட்டு அடைத்தால் கழற்றிச் சுத்தம் செய்ய ஆள் வராது. பெரிய கெட்டிப் பெட்டியைத் தூக்கி வரக்கூடாது, மடித்து வைக்கிற துணிப்பைதான். சும்மா வராமல், படகுக்கு வேண்டிய உதிரி பாகம் எதையாவது ஊரிலிருந்து வாங்கி வர வேண்டும். படகுக்காரர்கள் மத்தியில் இன்னொரு பேச்சும் உண்டு: பார்க்க வருகிறவர் இடத்தைச் சொல்லலாம், இல்லை தேதியைச் சொல்லலாம், ரெண்டையும் சேர்த்துச் சொல்ல முடியாது. காற்றும் அலையும் யாருடைய ரிட்டர்ன் டிக்கெட்டையும் பார்த்து அடிப்பதில்லையே.

இதைக் கேட்டுவிட்டு "எங்களை அவமானப்படுத்திட்டாங்க" என்று எந்த மாமியாரும் படகை விட்டு இறங்கிப் போவதில்லை. கயிறு இழுக்கச் சொன்னால் இழுக்கிறார்கள், ஒரு குவளைத் தண்ணீர் என்றால் ஒரு குவளையில் முடித்துக்கொள்கிறார்கள். ஊருக்குத் திரும்பியதும் அதையே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

படகில் முடிகிற ஒழுங்கு மலையில் ஏன் முடியவில்லை? படகில் எல்லை கண்ணுக்குத் தெரிகிறது. சுற்றிலும் உப்புத் தண்ணீர், நடுவில் ஒரு தொட்டி. மலையில் எல்லை தெரிவதில்லை. எங்கு பார்த்தாலும் பச்சை. காலையில் பனிமூட்டம். பெயரிலேயே ஏரியும் காடும். படகு இல்லத்தில் மிதிபடகு வேறு ஓடுகிறது. இவ்வளவு இருக்கிற ஊரில் தண்ணீருக்கு என்ன பஞ்சம் என்று தோன்றத்தான் செய்யும். ஆனால் சேர்வராயன் மலைக்கு அடியில் இருப்பது கெட்டிப் பாறை. பெய்கிற மழையில் பெரும்பகுதி சரிவில் உருண்டு கீழே ஓடிவிடுகிறது. பச்சையைப் பார்த்துத் தண்ணீர் இருக்கிறது என்று நினைப்பது, கடலைப் பார்த்துக் குடிதண்ணீர் இருக்கிறது என்று நினைப்பது மாதிரிதான்.

"அதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம். தமிழன் விருந்தோம்பலுக்குப் பேர் போனவன். வள்ளுவரே தனி அதிகாரம் எழுதியிருக்கார்" என்று உடனே ஒருவர் வருவார். எழுதியிருக்கிறார், 9-ஆவது அதிகாரம். ஆனால் பழைய தமிழில் விருந்து என்றால் புதுமை, புதிதாக வந்தவர் என்று பொருள். முகம் தெரியாமல், பசித்து, களைத்து வந்து நிற்பவர்தான் விருந்து. மாமா வீட்டுக்கு வருகிற மருமகன் சுற்றம். சுற்றத்துக்கு வள்ளுவர் தனியாகச் 'சுற்றந்தழால்' என்று 53-ஆவது அதிகாரம் வைத்திருக்கிறார். அதுவும் எங்கே? பொருட்பாலில்! உறவென்றால் கொடுக்கல் வாங்கல் என்று அவருக்கே தெரிந்திருக்கிறது போல.

அந்தக் கொடுக்கல் வாங்கலையும் பார்த்துவிடலாம். வரும்போது ஒரு கிலோ ஆப்பிள், ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். போகும்போது டிக்கியில் பலாப்பழம், மிளகு, காப்பித்தூள். நடுவில் எஸ்டேட் வேலைக்குப் போகாமல் அடுப்படியில் நின்ற அத்தைக்கு ரெண்டு நாள் கூலி போச்சு. சேர்வராயன் கோயில் திருவிழாவும் மே மாதத்தில்தான். அவர்களுக்கே ஆயிரம் வேலை இருக்கும் மாதம் அது. இதில் "அத்தை, நைட்டுக்கு பரோட்டா கிடைக்குமா?" என்று ஒரு விண்ணப்பம் வேறு.

குற்றம் வருபவர்கள் மேல் மட்டும் இல்லை. வீட்டுக்காரர்களும் வாயைத் திறப்பதில்லை. "அதுக்கென்ன, இருக்குது, குளிங்க" என்று சொல்லிவிட்டு, ராத்திரி பத்து மணிக்குக் குடத்தோடு கிளம்புவது பண்பாடு இல்லை. அது கௌரவத்துக்குக் கொடுக்கும் வட்டி. படகுக்காரர் முதல் மணி நேரத்திலேயே சொல்லிவிடுவதால்தான் கடைசி நாள்வரை சிரித்த முகமாக இருக்க முடிகிறது. சொல்லாமல் சுமப்பவர்களுக்கு மூன்றாம் நாளே முகம் இறுகிவிடும். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

ஆகவே மலைக்குக் கிளம்பும் சொந்தங்களே, வராதீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. வாருங்கள். இப்படி வாருங்கள்:

1. இடமா தேதியா, ஒன்றைச் சொல்லுங்கள். மாமா வீடுதான் வேண்டும் என்றால் எப்போது வரலாம் என்பதை அத்தை முடிவு செய்யட்டும். மே மாதம்தான் வேண்டும் என்றால் லாட்ஜில் ரூம் போடுங்கள்.

2. போனில் "என்ன சமைப்பீங்க?" என்று கேட்காமல் "கீழ இருந்து என்ன வாங்கிட்டு வரணும்?" என்று கேளுங்கள். அரிசி, எண்ணெய், மாத்திரை, எதுவாக இருந்தாலும்.

3. ஆளுக்கு ஒரு வாளி. அதற்குள் குளியல்.

4. கொண்டுவந்த பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுபோங்கள். காப்பித் தோட்டம் உங்கள் குப்பைத்தொட்டி இல்லை.

5. முதல் குடத்தை வீட்டு மருமகன் தூக்கட்டும். முக்கியமாக, உட்கார்ந்தே பழகிய ஆண்கள்.

படகில் பயணி என்று யாரும் கிடையாது. ஏறியவர் எல்லோரும் ஒரு கயிறையாவது பிடிக்க வேண்டும். அத்தை வீட்டில் பிடிக்க வேண்டிய கயிறு கிணற்றடியில் தொங்குகிறது.