முழங்காலும் ஜெபமும்



திருவனந்தபுரத்தில் நம் சபைத் தாயார் ஒருவர் மூட்டுத் தேய்மானத்தால் நெடுநாளாய் வருந்துகிறார். மூட்டுமாற்று அறுவைச் சிகிச்சை செய்யவேண்டுமென்று மருத்துவர் கூறியபோது, "பாஸ்டர் ஐயா, என் காலை இயந்திரமா அறுக்கும்? அதன்பின் நான் முழங்கால்படியிட்டு ஜெபிக்கக் கூடுமா?" என்று கண்ணீரோடு கேட்டார். உங்களில் சிலருக்கும் இதே கலக்கம் இருக்கலாம்.

இந்நகரின் ஆர்.சி.சி. புற்றுநோய் மையத்தில் 2024ஆம் ஆண்டு ரோபோ அறுவைச் சிகிச்சை தொடங்கியதிலிருந்து அச்சொல் நம் வீடுகளிலும் பேசப்படுகிறது. முழங்கால் சிகிச்சையில் அது செய்வது என்ன? பலவிடங்களில், முதலில் சி.டி. ஸ்கேன் மூலம் எலும்பின் வடிவம் கணினியில் வரையப்படுகிறது. எவ்வளவு செதுக்குவது என்பதை மருத்துவரே தீர்மானிக்கிறார். ரோபோவின் கரம் அந்த எல்லையை மீறாதபடி வாளைக் காக்கிறது. சில வகைகளில் ரோபோவே செதுக்கும். அப்போதும் மருத்துவர் வகுத்தபடியே செய்யும், அவர் நிறுத்தினால் நிற்கும். தசையை விலக்குவதும் செயற்கை மூட்டைப் பொருத்துவதும் மனிதக் கரங்களே.

அப்படியானால் ரோபோ இல்லாவிடில் குறைவுபடுவோமோ? பழைய வகை ரோபோ ஒன்றைக்கொண்டு தென்கொரியாவில் செய்யப்பட்ட சிகிச்சைகளைக் குறைந்தது 10 ஆண்டுகள் கவனித்து, 2020இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. வழக்கமான முறையோடு ஒப்பிடுகையில், நடமாட்டத்திலோ மூட்டு நிலைத்த காலத்திலோ வேறுபாடு காணப்படவில்லை. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு விதித்த உச்சவிலையும் செயற்கை மூட்டுக்கு மாத்திரமே. ரோபோவின் கட்டணத்துக்கு அல்ல. ஆகையால் பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த நாம், ரோபோவுக்கென்று வட்டிக்குக் கடன்படவேண்டாம். "ஐயா, இப்படிப்பட்ட சிகிச்சைகள் எத்தனை செய்திருக்கிறீர்கள்? மொத்தச் செலவு எவ்வளவு?" என்று பணிவோடு, ஆனால் தயங்காமல் கேளுங்கள். வீடு திரும்பியபின் சொல்லப்பட்ட பயிற்சிகளை வலித்தாலும் விடாதிருங்கள். அதை எந்த ரோபோவும் நமக்காகச் செய்யாது.

தாயாரின் இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். மாற்றிய முழங்காலை ஊன்றுகையில் அநேகருக்கு வலியோ மரத்த உணர்வோ உண்டாகும். காயம் நன்றாய் ஆறியபின், மருத்துவரின் சம்மதத்தோடு மெத்தையின்மேல் சிறிது சிறிதாகப் பழகலாம். இயலாவிட்டால் நாற்காலியில் அமருங்கள். தாவீது ராஜா உட்கார்ந்தே விண்ணப்பித்தார். எசேக்கியா படுக்கையிலிருந்தே ஜெபித்தார். இருவரும் கேட்கப்பட்டார்கள்.

சபையாருக்கும் ஒரு வார்த்தை: அடுத்த ஞாயிறு ஜெபவேளையில் எழுந்திராமல் அமர்ந்திருக்கும் தாயாரைக் குறைவாய்ப் பார்க்காதிருங்கள். அவருக்கு ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போடுங்கள்.