நனோ மருந்து வந்துவிட்டது. விலையை யார் இறக்குவது?

நனோ தொழில்நுட்பமும் கணனியும் சேர்ந்து மருத்துவத்தையே மாற்றிவிடும் என்று பத்திரிகைகள் இருபது வருடங்களுக்கும் மேலாக எழுதி வருகின்றன. இரத்தத்துக்குள் நீந்திச் சென்று நோயைத் தேடி அழிக்கும் குட்டி இயந்திரங்கள் பற்றியெல்லாம் வாசித்திருப்பீர்கள். அந்த இயந்திரங்கள் இன்னும் வைத்தியசாலைகளுக்கு வரவில்லை. ஆனால் அதைவிட எளிமையான வடிவத்தில் நனோ மருந்துகள் எப்போதோ வந்துவிட்டன. வியாபாரப் பக்கத்தில் இதை நான் எழுதக் காரணம், இது விஞ்ஞானிகளின் விடயம் மட்டுமல்ல, விலையின் விடயமும்கூட.

ஒரு மீற்றரை நூறு கோடி பங்குகளாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் நனோமீற்றர். தலைமுடி ஒன்றின் தடிப்பே ஏறத்தாழ 80,000 நனோமீற்றர். புற்றுநோய்க்குப் பல காலமாகக் கொடுக்கப்படும் டொக்ஸோரூபிசின் என்ற மருந்து இதயத்தைப் பாதிக்கக்கூடியது. அதை ஏறத்தாழ 100 நனோமீற்றர் அளவுள்ள கொழுப்பு உறைக்குள் அடைத்தார்கள். அதனால் இதயத்துக்கு வரும் பாதிப்புக் குறைந்தது. டொக்ஸில் என்ற பெயரில் இதற்கு அமெரிக்கா 1995இல் அனுமதி வழங்கியது. மருந்து பழையது, பொதி செய்த விதம்தான் புதியது. நல்ல பொதியின் பெறுமதியை வியாபாரிகளுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை.

கொவிட் காலத்தில் மொடர்னா, பைசர் ஊசிகளில் இருந்ததும் இப்படியொரு பொதிதான். எம்.ஆர்.என்.ஏ என்ற மூலக்கூறு தனியாக உடலுக்குள் போனால் விரைவில் சிதைந்துவிடும். கொழுப்பு நனோ துகள்கள் அதைக் காப்பாற்றிக் கலங்களுக்குள் கொண்டு சேர்த்தன. வைரஸின் மரபணு வரிசை 2020 ஜனவரி இரண்டாம் வாரத்தில் வெளியானது. வைரஸைக் கையில் வைத்திராமலே, ஜனவரி 13ஆம் திகதி மொடர்னா தன் ஊசியின் வடிவமைப்பை முடித்துவிட்டது. மார்ச் 16ஆம் திகதி முதலாவது தன்னார்வலருக்கு அது ஏற்றப்பட்டது. அவசரகால அனுமதி கிடைத்ததோ டிசம்பரில். கணனி வடிவமைப்பைத்தான் சில நாட்களுக்குச் சுருக்கியது. மனிதரில் சோதித்துப் பார்க்கும் பொறுமைக்கு அது மாற்றாகவில்லை.

கணனியின் அடுத்த பாய்ச்சல் அல்பாபோல்ட். ஒரு புரதத்தின் வடிவத்தை அறிய ஆய்வுகூடத்தில் வருடக்கணக்காகப் பாடுபட்ட காலம் உண்டு. 2022 ஜூலையில் 20 கோடிக்கும் அதிகமான புரதங்களின் கணிக்கப்பட்ட வடிவங்கள் இணையத்தில் இலவசமாக வைக்கப்பட்டன. அதை உருவாக்கியவர்களுக்கு 2024இல் இரசாயனவியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. மனித மரபணுத் தொகுதியை வாசிக்கும் திட்டம் 2003இல் முடிந்தபோது ஆன செலவு சுமார் 270 கோடி டொலர். இன்று ஒருவரின் மரபணுவை 1,000 டொலருக்கும் குறைவாக வாசிக்கலாம்.

அறிவின் விலை இப்படிச் சரிகிறது. மருந்தின் விலை? நரம்புகளைத் தாக்கும் ஓர் அரிய பரம்பரை நோய்க்கு 2018இல் ஒன்பட்ரோ என்ற மருந்து வந்தது. அதுவும் கொழுப்பு நனோ துகளில் பொதிந்ததுதான். அமெரிக்காவில் அதற்குக் குறிக்கப்பட்ட விலை வருடத்துக்கு 4,50,000 டொலர். ஆராய்ச்சிக்குப் பணம் கொட்டியவர் அதைத் திருப்பி எடுக்க நினைப்பதில் நியாயம் உண்டு. ஆனால் சந்தையில் ஒரேயொரு விற்பனையாளர் இருந்தால் விலை எப்படி இருக்கும் என்பது நம் ஊர்ச் சந்தையில் காய்கறி விற்பவருக்கும் தெரியும்.

விலையை இறக்குபவர் இரண்டாவது உற்பத்தியாளர். எச்.ஐ.வி மருந்துகளுக்கு மேற்கில் ஒருவருக்கு வருடத்துக்குப் 10,000 டொலருக்கு மேல் செலவான நேரத்தில், 2001இல் இந்தியாவின் சிப்லா நிறுவனத் தலைவர் யூசுப் ஹமீத் அதை 350 டொலருக்குத் தர முன்வந்தார். நனோ மருந்திலும் இது நடந்திருக்கிறது. அமெரிக்காவில் 2011இல் டொக்ஸிலுக்குத் தட்டுப்பாடு வந்தது. 2012இல் இந்தியாவின் சன் பார்மா தயாரித்த லிபோடொக்ஸை இறக்குமதி செய்து அந்த நாடு சமாளித்தது. அடுத்த வருடம் சன் பார்மாவின் மாற்று மருந்துக்கு முறையான அனுமதியும் கொடுத்தது.

“இவ்வளவு பெரிய விடயத்தில் நாம் என்ன செய்வது?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சாதாரண மாத்திரையைப் போல நனோ மருந்தைப் பிரதி செய்ய முடியாது. துகளின் அளவு மாறினாலே மருந்தின் வேலையும் மாறிவிடலாம். மலிவாக, அரைகுறையாகச் செய்து விற்பது பாவம். ஆனால் பேராசிரியர் சேனக பிபிலே 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தை ஆரம்பித்தபோதும் நம் நாடு மருந்தைக் கண்டுபிடிக்கவில்லை. வணிகப் பெயரை விட்டு மருந்தின் பொதுப் பெயரில், பலரிடம் விலை கேட்டுக் கொள்வனவு செய்தது. அவ்வளவுதான். உலகமே அதைப் பார்த்துப் படித்தது.

மருந்து இறக்குமதியில் உள்ள நம்மவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எந்த நனோ மருந்தின் காப்புரிமை எப்போது முடிகிறது என்று இப்போதே கணக்கு வைத்திருங்கள். தரமான இரண்டாவது, மூன்றாவது உற்பத்தியாளரைத் தேடிப் பிடித்து, பதிவு வேலையை முற்கூட்டியே ஆரம்பியுங்கள். மருந்தில் பெரும்பகுதியை வெளிநாட்டில் வாங்கும் நாடு இது. 2022இல் டொலர் இல்லாமல் போனபோது சத்திரசிகிச்சைகள் தள்ளிப்போடப்பட்டதை நாம் கண்ணால் கண்டோம். மலிவான மாற்று இருந்தால் அதே டொலரில் கூடுதல் நோயாளிகளுக்கு மருந்து வாங்கலாம்.

முதலீடு செய்ய வசதியுள்ளவர்கள் ஹோமாகமையில் உள்ள இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவனத்தின் கதவையும் தட்டலாம். அரசும் தனியாரும் சேர்ந்து 2008இல் ஆரம்பித்த நிறுவனம் அது. அன்று பணம் போட முன்வந்தவர்களில் ஆடை, தொலைபேசி, டயர் நிறுவனங்கள் இருந்தன. கணனி படிக்கும் பிள்ளையுள்ள பெற்றோர், உயிரியலையும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள். அல்பாபோல்டின் தகவல் கேம்பிரிட்ஜில் உள்ள பிள்ளைக்கும் கல்முனையில் உள்ள பிள்ளைக்கும் ஒரே மாதிரி இலவசம்தான்.

புதிய மருந்துகள் கட்டாயம் வரும். அவை மஹரகமையில் வரிசையில் நிற்கும் நோயாளிக்கு எத்தனை வருடத்தில், என்ன விலையில் போய்ச் சேரும் என்பதில் விஞ்ஞானிக்கு இருப்பதைப் போலவே வியாபாரிக்கும் பொறுப்பு இருக்கிறது.