பரிசுக்குப் பின் என்ன?

மத்திய சர்க்காரின் கல்வி இலாகா 2017-ஆம் ஆண்டு முதல் ‘ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான்’ என்றொரு போட்டியைக் கல்லூரி மாணவர்களுக்கென நடத்தி வருகிறது. சர்க்கார் இலாகாக்கள் தம்மை அலைக்கழிக்கும் பிரச்னைகளைக் கேள்விகளாக எழுதித் தருகின்றன. அறுவர் கொண்ட குழுக்கள், ஒரு பெண்ணேனும் அவற்றில் இருக்க வேண்டும் என்ற விதிப்படி, அவற்றிற்குப் பரிகாரம் தேடுகின்றன. 2024 டிசம்பரில் நடந்த இறுதிச் சுற்றில் 1,300-க்கு மேற்பட்ட குழுக்கள் 51 மையங்களில் கூடின. கணிப்பொறி நிரல் எழுதுவோர் 36 மணி நேரம் இடைவிடாது உழைத்தனர்.

இம்முயற்சியை நாம் மனமார வரவேற்கிறோம். பரீட்சையில் தேறி உத்தியோகத்துக்கு மனுப் போடுவதே கல்வியின் பயன் என்றிருந்த தேசத்தில், ஊரார் துன்பத்தைத் தன் பாடமாகக் கொள்ளும்படி மாணவனை அழைப்பது சிறிய காரியமன்று. ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது. நம் குறைகள் தீராமல் இருப்பது யோசனைப் பஞ்சத்தினாலா? பரிசு பெற்ற யோசனை அதன் பின் எங்கே போகிறது?

சாக்கடைக் குழியில் மனிதனை இறக்கும் கொடுமையை எடுத்துக்கொள்வோம். இதற்கு யோசனை வேண்டுமென்று இளைஞர்கள் வாளாவிருக்கவில்லை. 2015-ல் கோழிக்கோட்டில் சாக்கடைக் குழியில் சிக்கிய இரு தொழிலாளரும், அவர்களைக் காப்பாற்ற இறங்கிய ஆட்டோ ஓட்டுநர் ஒருவரும் மாண்டனர். அதனால் மனம் நொந்த கேரள எஞ்சினீயரிங் பட்டதாரிகள் சிலர் ‘பாண்டிகூட்’ என்ற யந்திரத்தைச் செய்தனர். சர்க்கார் துணை நின்றதால் அது 2018-ல் திருவனந்தபுரத்தில் வேலைக்கு வந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் ஒரு மாணவரின் இறுதியாண்டு ஆராய்ச்சியாகத் தொடங்கிய ‘ஹோமோசெப்’, மலக்குழித் தொட்டிகளைச் சுத்தம் செய்ய 2022-ல் களத்தில் இறங்கியது.

சட்டமும் இல்லாமலில்லை. 2013-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 7-வது பிரிவு, அபாயகரமாகச் சாக்கடை சுத்தம் செய்விப்பதைத் தடை செய்கிறது. மீறுவோருக்கு முதற் குற்றத்துக்கே இரண்டாண்டு வரை சிறை உண்டு. நவீன யந்திரங்களைப் பயன்படுத்துவது ஸ்தல ஸ்தாபனங்களின் கடமை என்கிறது 33-வது பிரிவு. ஆனால் ‘அபாயகரம்’ என்பதற்கு அதே சட்டம் தரும் வியாக்கியானத்தைப் படியுங்கள். பாதுகாப்பு உபகரணம் கொடுக்காமல் இறக்குவதே குற்றமாகிறது. இறக்குவதே குற்றமென்று சொல்லவில்லை. இந்தச் சந்து வழியாகத்தான் காண்டிராக்டர் தப்புகிறார்.

குழியில் மாண்டோர் குடும்பத்துக்கு 10 லக்ஷம் ரூபாய் நஷ்ட ஈடு தரவேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டு 2014-ல் தீர்ப்பளித்தது. 2023-ல் அத்தொகையை 30 லக்ஷமாக உயர்த்தியது. நஷ்ட ஈடு மும்மடங்காயிற்று, மரணம் நிற்கவில்லை. யந்திரம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, தீர்ப்பும் இருக்கிறது. யந்திரத்தின் விலையைவிட மனிதனின் கூலி மலிவாக இருப்பதும், குழியில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட ஜாதியினராக இருப்பதுமே இக்கொடுமையை உயிரோடு வைத்திருக்கின்றன. இந்நோய்க்கு 36 மணி நேரத்தில் மருந்து எழுத எந்த மாணவனாலும் ஆகாது.

ஆகையால் போட்டியைக் கைவிடச் சொல்லவில்லை. அதைப் பூர்த்தி செய்யச் சொல்லுகிறோம். கேள்வி கேட்ட இலாகா, தான் பரிசளித்த யோசனையை ஓராண்டுக்குள் ஓர் ஊரிலேனும் பரீட்சித்துப் பார்க்கக் கடமைப்பட வேண்டும். ஏற்றதா, தள்ளியதா, காரணம் என்ன என்பதை ஆண்டுதோறும் ஜனங்களுக்கு அறிவிக்க வேண்டும். யோசனையை எடைபோடும் நடுவர்களில், அத்துன்பத்தை அனுபவிப்போர் ஒருவரேனும் அமர வேண்டும். சாக்கடையைப் பற்றிய கேள்விக்குச் சாக்கடைத் தொழிலாளியைவிடத் தக்க நடுவர் யார்? இவற்றைச் செய்யாவிடில், மாணவனுக்குக் கிடைப்பது ஒரு நற்சாட்சிப் பத்திரம். ஊருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. தன் உழைப்பு அலமாரியில் உறங்குவதை ஒருமுறை கண்ட இளைஞன் மறுமுறை பொதுக் காரியத்துக்கு வரத் தயங்குவான். அந்த நஷ்டம் பரிசுப் பணத்தினும் பெரிது.

தேசத் தொண்டில் ஈடுபட்டோர்க்கும் இதில் பங்குண்டு. உங்கள் நகரசபையின் வரவு செலவுத் திட்டத்தை வாங்கிப் பாருங்கள். 33-வது பிரிவு கூறும் யந்திரங்களுக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எத்தனை வாங்கப்பட்டன, அவை ஓடுகின்றனவா, கொட்டகையில் துருப்பிடிக்கின்றனவா என்று கேளுங்கள். மாணவர்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். யோசனையைக் காரியமாக்கும் கடன் இனி நம்முடையது.