திங்கட்கிழமையின் விசுவாசம்



இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒன்றை மட்டும் கோப்பில் சேர்க்க மனம் வரவில்லை. வாளையார்ப் பக்கத்து இளைஞர் ஒருவர் எழுதியது. கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் அவருக்கு ஷிப்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் விழுந்தால் பூசை தவறிப்போகிறது, அம்மா முகம் வாடிவிடுகிறது என்கிறார். அது அவருக்குப் பெரிய கவலை இல்லை. பூசைக்குப் போன வாரத்திலும், திங்கட்கிழமை காலை கம்பெனி கேட்டைத் தாண்டியதும் தான் வேறு ஆளாகிவிடுவதுதான் அவரை உறுத்துகிறது. சரக்குக் கணக்கில் ஓர் எண்ணை மாற்றி எழுதச் சொன்னால் எழுதிவிடுகிறாராம். வடநாட்டுத் தொழிலாளியை மற்றவர்கள் கேலி செய்தால் சேர்ந்து சிரித்துவிடுகிறாராம். “பீடத்துக்கு முன்னால் முழங்காலில் நிற்கிறவன் நானா, கேட்டுக்குள்ளே இருக்கிறவன் நானா?” என்று கேட்டு முடித்திருக்கிறார்.

தம்பி, நீங்கள் கேட்டது உங்கள் ஒருவருடைய கேள்வி அல்ல. அதனால் பதிலை எல்லோருக்கும் சேர்த்து இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன்.

முதலில் அம்மாவின் கவலையைத் தீர்த்துவிடுவோம். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி, ஞாயிறு கடனைச் சனிக்கிழமை மாலைத் திருப்பலியிலேயே நிறைவேற்றலாம். தவிர்க்க முடியாத காரணத்தால் அதற்கும் போக முடியாதவரைத் திருச்சபை குற்றவாளியாகப் பார்ப்பதில்லை. வீட்டில் உட்கார்ந்து அன்றைய வாசகங்களைப் படித்துச் செபிக்கலாம். ஷிப்ட் தொழிலாளர் நிறைந்த பங்குகளில் சனிக்கிழமை மாலைப் பூசை வேண்டும் என்று இளையோரே பங்குத்தந்தையிடம் கேட்கலாம். கேட்டால் கிடைக்கும்.

இரண்டாவது கேள்வி அவ்வளவு எளிதல்ல. எல்லைப் பகுதியில் வளர்ந்தவர்களுக்கு இரட்டை வாழ்க்கை சிறுவயதிலேயே பழகிவிடுகிறது. வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம். கல்யாணச் சேலை எடுக்கக் கோவை, ரேஷன் அட்டைக்குப் பாலக்காடு. 1956 நவம்பர் 1 வரை வாளையார் சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. பக்கத்துச் சித்தூர் வட்டம் பழைய கொச்சி அரசின் பகுதி. கோடு போட்டவர்கள் போட்டுவிட்டுப் போனார்கள். கொழிஞ்சாம்பாறையிலும் வேலந்தாவளத்திலும் வடகரப்பதியிலும் சனங்கள் இரண்டு பக்கமும் நடந்துகொண்டே இருந்தார்கள். திருச்சபை நிர்வாகமும் இந்த நடைக்கு ஏற்ப மாறியிருக்கிறது. பாலக்காட்டு இலத்தீன் கத்தோலிக்கரில் பலர் நெடுங்காலம் கோவை மறைமாவட்டத்தோடு இருந்தவர்கள். கோவையிலிருந்தும் கோழிக்கோட்டிலிருந்தும் பகுதிகளைப் பிரித்து, 2013 டிசம்பர் 28 அன்று சுல்தான்பேட்டை மறைமாவட்டம் உருவானது. பாலக்காட்டுப் புனித செபஸ்தியார் ஆலயம் அதன் பேராலயம் ஆயிற்று. தமிழில் செபிக்கிற கேரளக் கத்தோலிக்கர் என்கிற நம் நிலைமைக்கு அப்படி ஒரு வீடு கிடைத்தது.

இடத்துக்கு ஒரு பேச்சு, ஆளுக்கு ஒரு மொழி என்று மாறிக்கொள்வது ஒரு திறமை. அதில் தவறே இல்லை. மொழி மாறும்போது மனச்சாட்சியும் கூடவே மாறிக்கொள்ளும் வழக்கம் வந்துவிடுகிறதே, அங்கேதான் எச்சரிக்கை வேண்டும். கேட்டுக்கு வெளியே ஒருவன், உள்ளே ஒருவன் என்பது அங்கே தொடங்குகிறது.

விசுவாசம் என்பது குருக்களுக்கும் கன்னியருக்கும் முழுநேர வேலை, நமக்கு வாரம் ஒரு மணி நேரம் என்ற நினைப்பு நம் ஊர்களில் இன்னும் அழியவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964 நவம்பர் 21 அன்று வெளியிட்ட திருச்சபை பற்றிய ஆவணத்தில், தூய வாழ்வுக்கான அழைப்பு எல்லோருக்கும் உரியது என்று சொல்வதற்கே ஒரு முழு அதிகாரத்தை ஒதுக்கியது. லேத் ஓட்டுகிறவருக்கும் லாரியில் லோடு ஏற்றுகிறவருக்கும் அதே அழைப்புதான். ஆண்டவரே தம் வாழ்நாளின் பெரும்பகுதியை நாசரேத்தில் தச்சுப் பட்டறையில் கழித்தவர். அந்த ஆண்டுகளைப் பற்றி நற்செய்தியில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. ஆணியும் மரத்தூளுமாகக் கழிந்த அந்தக் காலம் மீட்பின் வரலாற்றுக்கு வெளியே இருந்ததாக எந்தக் கிறிஸ்தவரும் சொல்லமாட்டார்.

2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ இரண்டு இளைஞர்களைப் புனிதர்களாக உயர்த்தினார். அவர்களில் கார்லோ அக்குத்திஸை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1991இல் லண்டனில் பிறந்து, மிலான் நகரில் வளர்ந்து, 2006 அக்டோபர் 12 அன்று பதினைந்து வயதில் இரத்தப் புற்றுநோயால் இறந்த பையன். நற்கருணைப் புதுமைகளைத் திரட்டி இணையதளம் அமைத்தவன். அசிசியில் ஜீன்ஸும் விளையாட்டுக் காலணியுமாக வைக்கப்பட்டிருக்கும் அவன் உடலின் படம் இன்று பலருடைய கைபேசிகளில் இருக்கிறது. அந்த ஜீன்ஸோடு நாம் நின்றுவிடக் கூடாது. தெருவில் படுத்திருந்தவர்களைத் தேடிப்போய் உதவிய பையன் அவன். அதையும் சேர்த்துத்தான் அவனைக் கும்பிட வேண்டும்.

அன்று அவனோடு புனிதரான மற்றவரைப் பற்றித்தான் இந்த இளைஞருக்கு நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். பெயர் பியர் ஜோர்ஜியோ பிராசாத்தி. இத்தாலியின் தூரின் நகரில் 1901 ஏப்ரல் 6 அன்று பிறந்தார். அப்பா ‘லா ஸ்தாம்பா’ என்ற பெரிய நாளிதழின் நிறுவனர், பின்னாளில் ஜெர்மனிக்கான இத்தாலியத் தூதர். கடவுள் நம்பிக்கையில் நாட்டம் இல்லாதவர். பிள்ளை படிப்பில் சூரன் இல்லை. இலத்தீன் தேர்வில் தோற்று, இயேசு சபையார் பள்ளிக்கு மாறியபோதுதான் நாள்தோறும் நற்கருணை வாங்கும் பழக்கம் வந்தது. பிறகு அவர் எடுத்துப் படித்தது சுரங்கப் பொறியியல். ஏன் அந்தப் படிப்பு என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன காரணம், சுரங்கத் தொழிலாளர்களோடு இருந்து ஆண்டவருக்கு ஊழியம் செய்யலாம் என்பது. மலபார் சிமென்ட்ஸ் ஆலைக்கும் மதுக்கரைச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்கும் பக்கத்தில் வாழ்கிற நமக்கு, கல் உடைக்கிறவனின் தூசியை நினைத்துப் படிப்பைத் தேர்ந்தெடுத்த ஒரு புனிதர் அந்நியராகத் தெரியக் கூடாது.

1918இல் அவர் வின்சென்ட் தே பவுல் சபையில் சேர்ந்தார். உங்கள் பங்கிலும் அந்தச் சபை இருக்கும். பெரும்பாலும் தலை நரைத்தவர்கள் நடத்திக்கொண்டிருப்பார்கள். பதினேழு வயதில் அதில் சேர்ந்த பிராசாத்தி, பணக்கார வீட்டுப் பிள்ளையாகவே இருந்துகொண்டு, தூரின் நகரின் சேரிகளில் மருந்தும் உணவும் சுமந்து படியேறினார். இரயிலில் மூன்றாம் வகுப்பில் போனார். மிச்சமான காசு யாரிடம் போயிற்று என்று வீட்டுக்குத் தெரியாது. நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஆல்ப்ஸ் மலையேறினார், சத்தம் போட்டுச் சிரித்தார், குழாயில் புகையிலை பிடித்தார். வாடிய முகம் பக்தியின் அடையாளம் என்று நினைக்கிறவர்கள் அவர் புகைப்படங்களைப் பார்க்க வேண்டும்.

1925 ஜூன் கடைசியில் அவரைப் போலியோ பிடித்தது. ஏழை நோயாளிகளின் வீடுகளில் தொற்றியிருக்க வேண்டும் என்பார்கள். அதே நாள்களில் வீட்டில் பாட்டி சாகக் கிடந்ததால், பிள்ளையின் நோவை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இறப்பதற்கு முந்தின நாள், செயலிழந்துகொண்டிருந்த கையால் ஒரு சீட்டு எழுதினார். தான் கவனித்து வந்த ஓர் ஏழை நோயாளிக்கு ஊசிமருந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்படி நண்பருக்கு எழுதிய சீட்டு அது. ஜூலை 4 அன்று இறந்தார். பட்டம் இன்னும் வாங்கியிருக்கவில்லை. அடக்கத்தன்று தூரின் தெருக்களில் ஏழைகள் திரண்டு வந்தபோதுதான், தங்கள் பிள்ளை யார் என்பதே பெற்றோருக்குத் தெரிந்தது.

அவருடைய விசுவாசம் வீட்டாரின் கண்ணுக்கே படாமல் இருந்தது, படியேறிப்போன வீட்டாருக்கு மட்டும் தெரிந்தது. தம்பி, உங்கள் கேள்விக்கு என்னிடம் உள்ள பதிலில் பாதி இதுதான்.

மறுபாதிக்கு நம் மண்ணுக்கே வர வேண்டும். குமரி மாவட்டம் நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டன், மார்த்தாண்ட வர்மாவின் அரசில் அதிகாரியாக இருந்தவர். மணமானவர். குடும்பத்தில் அடுத்தடுத்து இழப்புகள் வந்து மனம் தளர்ந்திருந்தபோது, குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின்பு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியான டச்சுப் படை அதிகாரி டி லனோய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று தேவசகாயம் ஆனார். 1752 சனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதரானார். இந்தியப் பொதுநிலையினரின் பாதுகாவலரும் இப்போது அவரே.

அவர் செய்த குற்றங்களில் ஒன்று, தாழ்த்தப்பட்ட சாதியாரோடு சமமாக உட்கார்ந்து உண்டது. அரண்மனை உத்தியோகம் பார்த்துக்கொண்டு ஞாயிறு மட்டும் கிறிஸ்தவராக இருந்திருந்தால் அவரை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். சாப்பாட்டுப் பந்தியில் கிறிஸ்தவராக இருந்தார், அதுதான் பொறுக்கவில்லை. புனிதர் பட்டத்துக்கு முன் 2020இல் அவர் பெயரிலிருந்து சாதிப்பெயரை வத்திக்கான் நீக்கியது. நம் பங்குகளின் கல்யாணப் பத்திரிகைகளிலும் கல்லறைத் தோட்டங்களிலும் அந்த நீக்கம் இன்னும் நடக்கவில்லை. இதை எழுதும்போது எனக்கு வேதனையாகவும் இருக்கிறது, வெட்கமாகவும் இருக்கிறது.

சாதி தூரத்துச் செய்தியும் அல்ல. சித்தூர் வட்டத்திலேயே, முதலமடை ஊராட்சியின் கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியில் வாழும் தமிழ் பேசும் அருந்ததியர் மக்கள், தண்ணீர் பிடிக்கும் இடத்திலும் டீக்கடையிலும் தங்களைத் தள்ளி வைப்பதாக 2017இல் சொன்ன புகாரைக் கேரளம் முழுவதும் கேட்டது. அதே ஆண்டு வாளையார் அட்டப்பள்ளத்தில், பதின்மூன்று வயதும் ஒன்பது வயதுமான அக்காளும் தங்கையும் சனவரியிலும் மார்ச்சிலும் ஒரே வீட்டில் அடுத்தடுத்துப் பிணமாகக் கிடந்தார்கள். எத்தனையோ போராட்டங்கள், எத்தனையோ மெழுகுவர்த்திகள். முதல் பிள்ளையின் சாவுக்கும் இரண்டாவது பிள்ளையின் சாவுக்கும் இடையில் இருந்த அந்தச் சில வாரங்களில், அந்தச் சின்ன வீட்டுக்குள் போய் உட்கார்ந்து குழந்தையோடு பேச யாருக்கு நேரம் இருந்தது? எந்த மதத்தாரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. நற்செய்தியில், அடிபட்டுக் கிடந்தவனைப் பார்த்தும் விலகிப் போன இருவரும் கோயில் காரியக்காரர்கள் என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

இடுக்கியிலிருந்து எழுதும் வாசகர்களும் உண்டு. பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு, தேயிலைத் தோட்ட லயங்களின் மேல் மலை சரிந்து எழுபது பேரைக் கொண்டுபோனது. தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். கடவுள் எங்கே இருந்தார் என்று அந்தப் பக்கத்து இளையோர் அப்போது கேட்டார்கள். யோபுவுக்கும் காரணம் சொல்லப்படவில்லை. தேவசகாயத்துக்கும் டி லனோய் காரணம் சொல்லியிருக்க முடியாது, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கதையைச் சொன்னார். இழப்பில் இருக்கிறவருக்கு விளக்கம் சொல்லப் போகிறவர்களைவிட, சோற்றுப்பொட்டலத்தோடு போய் உட்காருகிறவர்களிடம் எனக்கு மதிப்பு அதிகம்.

இனி அந்தச் சரக்குக் கணக்கு. மாற்றி எழுதச் சொன்னால் எழுத முடியாது என்று சொல்லுங்கள். மரியாதையாக, தனியாக, ஒரு முறை. வேலை போகலாம் என்ற பயம் எனக்குத் தெரியாமல் இல்லை. வீட்டில் கடன் இருக்கும், தங்கச்சி படிப்பு இருக்கும். ஆகவே இந்தச் சுமையை அந்தப் பையன் தலையில் மட்டும் வைக்க நான் தயாராக இல்லை. நேர்மைக்காக வேலை இழக்கும் ஓர் இளைஞருக்கு அடுத்த வேலை கிடைக்கும்வரை துணை நிற்பது பங்கின் கடமை. தேருக்கும் கொடிக்கும் பந்தலுக்கும் வசூல் செய்கிற நம்மால் இது முடியும். மூன்று மாத வீட்டுச் செலவுக்கு ஒரு சிறு நிதி, வேலை தேடித்தர நான்கு பெரியவர்கள், அவ்வளவு போதும். பங்குப் பேரவைகள் இதை எடுத்துப் பேச வேண்டும் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த வடநாட்டுத் தொழிலாளியைப் பற்றியும் ஒன்று. கஞ்சிக்கோட்டுக்கு வருகிறவர்களில் சார்க்கண்டு, ஒடிசாப் பக்கத்து ஆதிவாசிகளும் உண்டு. சோட்டாநாக்பூர் மலைப்பகுதியில் பல தலைமுறைகளாகக் கத்தோலிக்கரான மக்கள் இருக்கிறார்கள். நீங்கள் சேர்ந்து சிரித்த அந்த மனிதரின் சட்டைக்குள் செபமாலை இருக்கலாம். இல்லாவிட்டாலும் அவர் உங்கள் சகோதரர்தான். அடுத்த முறை சிரிக்காமல் இருங்கள். அதற்கடுத்த முறை பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். திங்கட்கிழமை விசுவாசத்தை இவ்வளவு சின்னதாகத் தொடங்கலாம்.

வாசகர்களே, உங்கள் அன்பியக் கூட்டம் எப்போதும் நாற்காலி உள்ள வீடுகளிலேயே நடக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த மாதக் கூட்டத்தை, இதுவரை ஒருமுறைகூடக் கூடாத ஒரு வீட்டில் வையுங்கள். காலனி வீடாகவோ, தொழிலாளர் தங்கும் ஷெட்டாகவோ, தனியாக இருக்கும் ஒரு பாட்டியின் திண்ணையாகவோ இருக்கட்டும். அங்கே என்ன பேசினீர்கள், யார் வந்தார்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். வரும் இதழில் அந்தக் கடிதங்களுக்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்