வேர் பிறழின் வரலாறும் பிறழும்!

சொல்லே குமுகாயத்தின் முதற்சான்று. உழவும் வணிகமும் உறவுமுறையும் சொல்லிலேயே பதிந்துள்ளன. சொல்லின் வேரைப் பிறழக் காட்டின், வரலாறும் பொருளியலும் குமுகாயவியலும் உடன் பிறழும்.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழகரமுதலி 1924 முதல் 1936 வரை ஆறு மடலங்களாக வெளிவந்தது. உழைப்புப் பெரிதே; ஆயினும் 'உலகம்' என்பதை 'லோக' என்னும் வடசொல்லின் திரிபென்று அது குறித்தது. 'உலவு' என்பதே அதன் அடியென்றார் பாவாணர். 1974-இல், 72 அகவையில், தமிழ்நாட்டரசின் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்திற்கு இயக்குநரானார், 1981-இல் மறைந்தார். முதன்மடலம் 1985-இலேயே வெளிவந்தது. பணி நிறைவுற்றது 2011-இல்.

இனி அது நூலகங்களில் உறங்கலாகாது. கலைப்புல ஆய்வாளர் ஒவ்வொருவரும் அதனைப் புரட்டுக, ஐயுறின் வினவுக, ஆய்வேட்டைத் தமிழிலேயே எழுதுக! ஆயப்படும் மக்களே படிக்கவியலா ஆய்வு யார்க்கு?