பட்டம் இருக்கு, அங்கே செல்லுமா? ஆரணியிலேயே தொடங்க வேண்டிய வெளிநாட்டு வேலை தேடல்

ஆரணியில் பட்டுச் சேலை வாங்க வரும் உள்ளூர்க்காரர் துணியைத் தடவிப் பார்த்தே தரம் சொல்லிவிடுவார். வெளியூர்க்காரருக்கு அது முடியாது. ‘சில்க் மார்க் இருக்கா?’ என்றுதான் கேட்பார். சேலை அதேதான், வாங்குபவர்தான் வேறு.

தறிச் சத்தத்தில் வளர்ந்து, இன்ஜினீயரிங் அல்லது நர்சிங் முடித்து, கனடாவுக்கோ ஜெர்மனிக்கோ போகும் இளைஞர்களுக்கும் இதே நிலைதான். இங்கே கல்லூரிப் பெயரைச் சொன்னால் போதும். அங்கே அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. நல்ல அனுபவம் உள்ளவர்கூட கிடங்கிலும் டாக்ஸியிலும் மாதங்களை ஓட்ட வேண்டிவருவது திறமை இல்லாததால் அல்ல, அந்தத் திறமைக்கு அங்கே செல்லுபடியாகும் முத்திரை இல்லாததால்.

‘அங்க போய்ப் பாத்துக்கலாம்’ என்ற நினைப்புதான் இதில் பெரிய தவறு. நகையை அடகு வைத்துக் கிளம்பும் குடும்பத்துக்கு முதல் ஆறு மாதம் வேலையின்றிப் போனால் வட்டி சும்மா இருக்காது.

மதிப்பீடு வேறு, உரிமம் வேறு

கனடாவின் ‘எக்ஸ்பிரஸ் என்ட்ரி’ முறை 2015 ஜனவரியில் வந்தது. வெளிநாட்டுப் பட்டத்துக்கு அதில் புள்ளி பெற, கல்விச் சான்று மதிப்பீடு தேவை. இது கையில் வந்ததும் ‘என் டிகிரியை ஒத்துக்கிட்டாங்க’ என்று பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். அது குடியேற்றத்துக்கான காகிதம் மட்டுமே. நர்ஸ், ஆசிரியர், உரிமம் பெற்ற பொறியாளர் போன்ற வேலைகளுக்கு, போகும் மாகாணத்தின் தொழில்முறை அமைப்பிடம் தனியாக உரிமம் வாங்க வேண்டும். மென்பொருள் துறையில் பெரும்பாலும் இந்தச் சிக்கல் இல்லை. ஆகவே முதல் கேள்வி, ‘நம்ம வேலைக்கு அங்கே லைசென்ஸ் வேணுமா?’ என்பதுதான்.

வேண்டும் என்றால், பல்கலைக்கழகத்திலிருந்து நேரடியாக அனுப்ப வேண்டிய மதிப்பெண் பட்டியல், பாடத்திட்ட விவரம், பழைய நிறுவனத்தின் அனுபவச் சான்று ஆகியவற்றை இங்கே இருக்கும்போதே ஏற்பாடு செய்வது எளிது. டொரண்டோவில் உட்கார்ந்துகொண்டு திருவண்ணாமலை மாவட்டத்துக் கல்லூரி அலுவலகத்தைப் போனில் பிடிப்பது லேசான காரியமில்லை.

ஜெர்மனியில் என்ன வழி?

2024 ஜூன் 1 முதல் ஜெர்மனி ‘வாய்ப்பு அட்டை’ வழங்குகிறது. வேலை கையில் இல்லாமலே போய், ஓராண்டு வரை தேடலாம். தேடும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் பகுதிநேர வேலை பார்க்கலாம். தகுதி முழுமையாக அங்கீகரிக்கப்படாதவர்கள் புள்ளி முறையில் குறைந்தது 6 புள்ளி எடுக்க வேண்டும். ஜெர்மன் ஏ1 அல்லது ஆங்கிலம் பி2 அளவில் தெரிந்திருக்க வேண்டும். படித்த பல்கலைக்கழகமும் பட்டமும் அங்கே ஏற்கப்படுகிறதா என்பதை ‘அனபின்’ என்ற தரவுத்தளத்தில் காசு செலவில்லாமல் பார்க்கலாம். செல்போனிலேயே முடிகிற வேலை.

ஏ1 விசாவுக்கு உதவும், வேலைக்குப் போதாது. நர்சுகளிடம் பொதுவாக பி2 அளவு ஜெர்மன் எதிர்பார்க்கிறார்கள்.

ஆள் தெரிந்தால் வேலையா?

ஆரணியில் சௌராஷ்டிர மொழி பேசும் நெசவாளர் குடும்பங்கள் உண்டு. அவர்களின் முன்னோர் கைத்திறனோடு குஜராத் பக்கமிருந்து வந்தவர்கள். தனித்தனியாக வராமல் கூட்டமாக வந்து, பக்கத்தில் பக்கத்தில் குடியேறினார்கள். முன்னால் வந்தவர் பின்னால் வந்தவருக்கு வழி காட்டினார்.

இன்றைய வடிவம் லிங்க்ட்இன். நூறு விண்ணப்பம் தட்டிவிடுவதைவிட, அதே துறையில் அங்கே வேலை பார்க்கும் கல்லூரி சீனியர்கள் பத்துப் பேரிடம் பேசுவது பலன் தரும். ‘அண்ணா, வேலை வாங்கிக் கொடுங்க’ என்று கேட்க வேண்டாம். ‘உங்க டீம்ல எந்தத் திறமைக்கு மதிப்பு, என் ரெஸ்யூமேல என்ன குறையுது?’ என்று கேட்டால் பதில் வரும். கனடாவுக்கான ரெஸ்யூமேயில் புகைப்படம், வயது, திருமண விவரம் எதுவும் வேண்டாம்.

‘கனடா அனுபவம் உண்டா?’ என்ற கேள்விக்கும் இப்போது தடை வந்திருக்கிறது. 25 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள் விளம்பரத்தில் அதை நிபந்தனையாகப் போடக்கூடாது என்ற ஒன்டாரியோ மாகாண விதி 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

ஏஜென்ட்டிடம் போகலாமா?

போவதற்கு முன் பதிவைப் பாருங்கள். 1983 குடிபெயர்வுச் சட்டத்தின்படி பதிவு பெற்ற ஆட்சேர்ப்பு முகவர்களின் பட்டியல் ‘இ-மைகிரேட்’ தளத்தில் உண்டு. அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு ₹30,000, அதற்கு மேல் ஜிஎஸ்டி. லட்சக்கணக்கில் கேட்டால் அங்கேயே எழுந்துவிடலாம்.

தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்குகிறது. ஆனால் ஆரணி போன்ற ஊர்களில் ஏஜென்ட்டின் போஸ்டர் கண்ணில் படுகிற அளவுக்கு அந்தப் பெயர் படுவதில்லை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் மாதம் ஒருநாள், தகுதி அங்கீகாரம் பற்றி மட்டும் ஆலோசனை நடத்தினால்கூடப் பல குடும்பங்களின் கடன் மிஞ்சும்.

பாவு சரியாக ஓட்டாமல் தறியில் உட்கார்ந்தால் சேலை பாதியில் நிற்கும் என்பது ஆரணிப் பிள்ளைகளுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதல்ல. டிக்கெட்டுக்கு முன்னால் காகிதம்.