கான் சாகிபுக்கு முகப்பூச்சு எதற்கு?

மீலாது விழாவையொட்டி நம் ஊர்களில் நடைபெறும் வரலாற்றுப் பேச்சுப் போட்டிகளைப் பல்லாண்டுகளாகக் கண்டு வருகிறோம். பிள்ளைகள் பேசுகிறார்கள் என்பதைவிட, பெரியவர்கள் எழுதியதை ஒப்பிக்கிறார்கள் என்பதே பொருந்தும். அண்மையில் நாம் அமர்ந்து கேட்ட போட்டியொன்றின் தலைப்பு ‘கான் சாகிபு மருதநாயகம்’. பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி பேசினாள்.

மருதநாயகம் இஸ்லாத்தைத் தழுவி முகம்மது யூசுப் கான் ஆனதையும், கும்பினிச் சிப்பாய்களின் தளபதியாய் உயர்ந்ததையும், மதுரைச் சீமையை ஆண்டபோது குளங்களையும் கால்வாய்களையும் செப்பனிட்டதையும் கூறினாள். அத்தோடு நிறுத்தியிருந்தால் முதற்பரிசு அவளுக்கே! அவளோ, பூலித்தேவரின் நெற்கட்டும்செவலைக் கும்பினிக்காக 1761இல் வீழ்த்தியதும் இதே கைதான் என்றாள். 1764 அக்டோபர் 15இல் அவரைத் தூக்கிலிட்டபோது ஆங்கிலேயரோடு சேர்ந்து நின்றவர் ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி என்றும் சொன்னாள். சபையில் சலசலப்பு. நடுவர் ஒருவர் குறுக்கிட்டு, “நம் வீரரை நாமே குறை சொல்லலாமா, மகளே?” என்றார். “நூலில் அப்படித்தானே இருக்கிறது, ஹஜ்ரத்” என்றாள் அவள்.

மதிப்பெண் குறைந்தது. மருதநாயகம் வாளேந்திய நாள் முதலே வெள்ளையரை எதிர்த்தார் என்று முழங்கிய மாணவனுக்குப் பரிசு போயிற்று. அந்தப் பிள்ளைமேல் நமக்கு வருத்தமில்லை. எழுதிக் கொடுத்தவர் யாரோ!

நடுவர் பெருமக்களைக் கேட்கிறோம். எத்துணை வணக்கசாலியாயினும் நினைவாற்றல் பழுதுபட்டவரென்றால் அவர் அறிவித்த ஹதீஸை ஏற்கத் தயங்கிய இமாம்களின் வழிவந்தவர்களல்லவா நாம்? வரலாற்றில் பொய் நுழையும் காரணங்களை அடுக்கிய இப்னு கல்தூன், முதலில் வைத்தது கட்சிப் பற்றைத்தானே? நமக்கே பாதகமாயினும் நீதிக்குச் சாட்சி பகரக் கட்டளையிடும் அன்னிசா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் போட்டி மேடைக்குப் பொருந்தாதா?

“நம் வரலாற்றைப் பிறர் மறைக்கிறார்கள், நாமும் குறையைச் சொல்ல வேண்டுமா?” என்பார்கள். மறைக்கிறார்கள் என்பதில் நமக்கும் மனத்தாங்கல் உண்டு. ஆனால், மாவட்டப் போட்டியில் நெற்கட்டும்செவலைப் பற்றி எதிரில் நிற்கும் பிள்ளை ஒரே ஒரு கேள்வி கேட்டால், ஒப்பித்த மாணவன் என்ன செய்வான்? தவிரவும், கும்பினியின் சம்பளத்தை உண்டவரே அதனை எதிர்த்து நின்றார் என்பதில்தான் அவருடைய பெருமை இருக்கிறது. 1763இல் மதுரைக் கோட்டையை முற்றுகையிட்ட ஆங்கிலப் படை வெறுங்கையோடு திரும்பியது. மறு ஆண்டு அவரைப் பிடித்துக் கொடுத்தவர்கள் அவருடைய சொந்த ஆட்களே. முதற்பகுதியை மறைத்தால் பிற்பகுதிக்குப் பொருளேது?

நாம் வேண்டுவது சிறிது. பேச்சு முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளையிடமும் இரண்டு கேள்விகள் கேளுங்கள். அதற்கும் மதிப்பெண் வையுங்கள். எழுதிக் கொடுத்தவர் யார், படித்தவர் யார் என்பது அங்கே விளங்கிவிடும்.

அடுத்த ஆண்டுத் தலைப்பு 1806ஆம் ஆண்டின் வேலூர்ப் புரட்சி என்று அறிவித்திருக்கிறார்கள். அந்த மாணவி பெயர் கொடுக்க மறுக்கிறாளாம். அவளுடைய வாப்பாவிடம் பேசியிருக்கிறோம்.